விழ மறுத்த ஒன்பது கட்டைகள்

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்காரலாம், எழுதலாம், ஊர் வம்பெல்லாம் பேசலாம். எழுந்திருக்க மட்டும் ஆள் வேண்டும். இப்படி நாற்காலியும் நானுமாக ஒட்டிக் கிடக்கும்போதுதான் மண்டபம் ஊரிலிருந்து போன் வந்தது. நான் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்ற கிளப்பின் இப்போதைய மேனேஜர் பேசினார்.

"ஐயா, நம்ம பழைய நீளக் கொட்டகைய இடிக்கிறோம். ஷட்டில் கோர்ட் வருது. தரையப் பேத்தா அடியில ஒரு மரக்கட்டை கெடந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கி, தலை உருண்டையா இருக்கு. அது கெடக்கட்டும். கீழ போட்டா எந்திரிச்சு நிக்குதுய்யா! நம்ம வாட்ச்மேன் பயந்துபோயி சூடங் கொளுத்திட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலியோடு சிரித்தேன். அது என்ன கட்டை, ஏன் எழுந்து நிற்கிறது என்று விவரமாக எழுதித் தந்தால் கிளப்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதாகச் சொன்னார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்குகிற விவகாரம் இல்லை இது. ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வேறு வேலையும் இல்லை.

அந்தக் கிளப்பைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். கடற்கரையை ஒட்டி, கடல் பக்கம் திறந்திருக்கிற மாதிரி ஒரு நீளக் கொட்டகை போட்டு, அதற்குள் மரத்தளம் பாவி, ஒரு முனையில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி வைத்து, மறுமுனையிலிருந்து கனத்த மரப்பந்தை உருட்டி அவற்றைத் தள்ளி விளையாடினார்கள். இப்போது மதுரையில் பெரிய கடைகளின் மாடியில் பௌலிங் என்று விளையாடுகிறார்களே, அதற்கு அண்ணன் முறை. அங்கே விழுந்ததை மெஷின் நிறுத்துகிறது. எங்கள் கிளப்பில் அந்த மெஷின் நான்தான், அதற்கு மார்க்கர் என்று பெயர்.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு, பழைய மார்க்கரும் ஊரைப் பார்க்கப் போக, சிக்கல் என்கிற ஊரிலிருந்து வந்த என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதன்மேல் குறுக்கே ஒரு பலகை. அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பந்து உருளும் சத்தம் கேட்டதும் இரண்டு காலையும் தூக்கி நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். பந்து பள்ளத்தில் விழுந்ததும் இறங்கி, எத்தனை விழுந்தது என்று உரக்கச் சொல்லி, கட்டைகளை நிறுத்தி, பந்தை ஓரத்து மரவாய்க்காலில் உருட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய மார்க்கர் போகும்போது, "தம்பி, காலைத் தூக்க மறந்துறாத. மத்ததெல்லாம் மறந்தாலும் பொழைச்சுக்கிரலாம்" என்றார். அதோடு என் படிப்பு முடிந்தது.

இந்த வேலையை ஊரில் விளக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. முதல் முறை விடுப்பில் போனபோது, தோட்டத்தில் கமலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் அய்யா மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏலே, கிளப்புல ஒனக்கு என்ன வேலை?"

"விழுந்த கட்டைய எடுத்து நிறுத்துறது, அய்யா."

"யாரு விழத்தாட்டுறா?"

"மெம்பர்மாருதான். அதுக்குச் சந்தா கட்டுறாக."

அய்யா கணக்குப் போட்டார். "விழத்தாட்டுறவன் காசு குடுக்கான். நிறுத்துறவன் காசு வாங்குறான். அந்தக் கட்டைய அங்கன சும்மா விட்டா ரெண்டு பேருக்கும் சோலி இல்லையேடா" என்றார். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மாட்டுக்கும் தெரியவில்லை, அது தன்பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது.

அய்யா கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்புல்லாணியில் இருந்த என் அத்தையை அப்படிச் சமாளிக்க முடியாது. அத்தை மகள் பாக்கியத்தை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேலை நெலச்சுதுண்டு சொல்லு, பாக்கு வெத்தலை மாத்துவோம். அதுவரைக்கும் இந்தக் கட்டைக் கதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாத." பாக்கியம் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவாவது வேலையை நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது.

நிரந்தரமாக்கும் அதிகாரம் கிளப் செயலாளர் கோபாலரத்தினம் கையில் இருந்தது. மெட்ராஸ்காரர். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் எதற்கென்றே தெரியாத ஒரு பிரம்பு. அந்தப் பிரம்பால் அவர் யாரையும் அடித்ததில்லை. அடிக்க வேண்டிய தேவையும் இல்லை, அவர் பேச்சே போதும். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார். நாம் வாயைத் திறப்பதற்குள் நன்றி சொல்லி முடித்துவிடுவார்.

ஒருநாள் நான் பலகையில் கண்ணசந்துவிட்டேன். முன்னால் வந்து நின்றார். "நீ இங்க என்ன வேலை பாக்குற? மார்க்கர் வேலை. மார்க்கர் தூங்கலாமா? கூடாது. தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, குரல்கூட ஏறவில்லை. ஆனால் எனக்கு ஒரு வாரத்துக்குத் தூக்கமே வரவில்லை. அவர் தேங்க்ஸ் சொல்வதற்குப் பதில் பிரம்பாலேயே நாலு போட்டிருக்கலாம் என்று சமையற்காரர் சொல்வார். எங்கள் எல்லாருக்கும் அதே எண்ணம்தான்.

கிளப்பில் மெம்பர்கள் குறைந்துபோனதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாரும் கட்டணம் கொடுத்து விளையாடலாம் என்று செயலாளர் அறிவித்தார். "ஜனங்க வந்தா கொட்டகை இருக்கும். கொட்டகை இருந்தா மார்க்கர் இருப்பான். வரலேன்னா? சிமெண்டு மூட்டை அடுக்கலாம். தேங்க்ஸ்" என்று எனக்குத் தனியாகவும் சொன்னார்.

ஜனங்கள் வந்தார்கள். ஆனால் கூடவே கச்சான் காற்றும் வந்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று எங்கள் கரையில் துண்டை இடுப்பில் நிற்க விடாது, கட்டையையா நிற்க விடும்? வெள்ளைக்காரன் காலத்துக் கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டதால், யாரோ ஒரு மிஸ்திரி லேசான மரத்தில் செய்த கட்டைகள்தான் இருந்தன. ஆட்டக்காரர் குனிந்து, குறி பார்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கையைப் பின்னால் வீசுவதற்குள் இங்கே ஒன்பதும் படுத்துவிடும். ஒருவர், "நான் இன்னும் போடலையே!" என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர், "நான் பாத்த பார்வையிலயே விழுந்துருச்சு, கணக்குல எழுது" என்று அடம்பிடித்தார். நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒன்பதையும் ஒரேயடியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பந்து பக்கத்தில் வந்ததும் விட்டுவிட்டு ஓடிப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை, முழங்காலில் பந்து பட்டதுதான் மிச்சம்.

செயலாளர் புதுக் கட்டைகள் செய்ய ஆள் கேட்டார். அந்தக் கரையில் காளிமுத்து ஓடாவியை விட்டால் ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தோணி கட்டும் தச்சரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். காளிமுத்து ஓடாவி கட்டிய எந்தத் தோணியும் கடலில் கவிழ்ந்ததில்லை என்று கரையெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை அவரே தினமும் ஒரு தடவையாவது ஆரம்பித்து வைப்பார்.

ஓடாவி தோளில் உளிப்பையோடு வந்தார். அவர் வாழ்நாளில் கிளப்புக்குள் கால் வைத்ததில்லை. செயலாளர் பழைய கட்டை ஒன்றைக் காட்டினார்.

"இது என்ன? கட்டை. இதுக்கு என்ன கோளாறு? காத்தடிச்சா விழுது. எனக்கு என்ன வேணும்? விழாத கட்டை."

"எந்தக் காத்துக்கு?" என்று ஓடாவி கேட்டார். "கச்சானுக்கா, வாடைக்கா, கொண்டலுக்கா?"

"எந்தக் காத்துக்கும்."

"ஆகட்டும். வேற என்னமும் வந்து மோதுமா?"

"பந்து வந்து மோதும்."

"மோதுனா..."

"அளவு என்ன? இதே அளவு. எத்தனை? ஒம்பது. தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போய்விட்டார். ஓடாவியின் வாயில் அந்த "மோதுனா" பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அப்போது பள்ளத்துக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் கடற்கரை மணலில் போய்க்கொண்டிருந்தார். மோதினால் என்ன ஆக வேண்டும் என்பதை அவரே அவர் அறிவுக்கு எட்டியபடி முடிவு செய்துகொண்டார்.

கொஞ்ச நாளில் கட்டைகள் வந்தன. பார்க்கக் கண் கொள்ளாத அழகு. பூவரச மரத்தில் கடைந்து, மீனெண்ணெய் பூசி, பளபளவென்று இருந்தன. அடிப்பாகம் மட்டும் தட்டையாக இல்லாமல் தோணியின் அடிவயிறு போல உருண்டிருந்தது. தூக்கினால் கனம் எல்லாம் அடியிலேயே இருந்தது. அதோடு ஓடாவி என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தளத்தில் கட்டைகள் நிற்கும் இடங்களில் ஆழமில்லாத குழிகளை இழைத்தார். கட்டை எப்படி ஆடினாலும் மறுபடி தன் குழியிலேயே வந்து உட்காருமாம்.

செயலாளர் பிரம்பால் ஒரு கட்டையைத் தள்ளினார். அது சாய்ந்து, ஆடி, நிமிர்ந்து நின்றது. "காத்து தள்ளுமா? தள்ளாது. தேங்க்ஸ்" என்றார். அதுவரைக்கும் அவர் வாயில் நல்லதுக்கு வந்த தேங்க்ஸ் அது ஒன்றுதான். விழாத கட்டையை வைத்து எப்படி விளையாடுவது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவரிடம் போய் வாயைத் திறக்க யாரால் முடியும்?

அந்த வாரமே, நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கீழக்கரையிலிருந்து ஒரு கார் வந்தது. சேகு மரைக்காயர் இறங்கினார். கொழும்புக்குத் தோணி விடும் பெரிய கை. கூடவே புதிதாக மகளைக் கட்டிய மாப்பிள்ளை நெய்னா, பின்னால் வீட்டுச் சொந்தங்கள் ஒரு பட்டாளம். அவர்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் இருப்பார். மாப்பிள்ளையைக் குளிர வைப்பது மாமனார் பொறுப்பு. பெருநாளில் பிரியாணி, வட்டிலப்பம் எல்லாம் போட்டுத் தீர்ந்த பிறகு, தன் வீரத்தையும் காட்டிவிடலாம் என்று மரைக்காயர் கூட்டி வந்திருந்தார்.

"மாப்புள, கொழும்புல நான் பந்து போட்டா வெள்ளக்காரன் வெளையாட்ட நிறுத்திட்டு வேடிக்கை பாப்பான். ஒரு பந்து, ஒம்பதும் காலி. இப்பப் பாருங்க."

"பாக்குறேன் மாமா" என்றார் நெய்னா. அவர் மாதிரி மரியாதையான பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வந்தவர்கள் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தோம். குடித்த கூடுகளைச் சுவரோரம் குவித்தார்கள். மரைக்காயர் கையைத் துடைத்துக்கொண்டு, கைலியை ஏற்றிக் கட்டி, "பிஸ்மில்லா" என்று பந்தை விட்டார். நான் காலைத் தூக்கினேன்.

பந்து நடுவில் வந்து மோதியது. ஒன்பது கட்டைகளும் பந்துக்கு வழி விட்டுச் சாய்ந்தன. பந்து பள்ளத்தில் விழுந்தது. ஒன்பதும் ஆடி அசைந்து நிமிர்ந்து, தத்தம் குழிகளில் வந்து உட்கார்ந்தன. எத்தனை விழுந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"என்னது?"

"எல்லாம் நிக்குதுங்க."

"அழகா வளைஞ்சுச்சு மாமா" என்றார் நெய்னா.

மரைக்காயர் இன்னொரு பந்தை விட்டார். அப்புறம் இன்னொன்று. ஓடி வந்து விட்டார், இரண்டு கையாலும் விட்டார், ஒருமுறை பந்தோடு சேர்ந்து தானும் கொஞ்ச தூரம் வந்தார். கட்டைகள் ஒவ்வொரு முறையும் அவருக்கு மரியாதையாக வணங்கிவிட்டு நிமிர்ந்தன. மாப்பிள்ளையும் ஒவ்வொரு முறையும், "நல்லா இருந்துச்சு மாமா", "இது முன்னதவிட நல்லாருந்துச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல மரைக்காயர் முகம் செம்புப் பாத்திரம் மாதிரி ஆனது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்திருக்கும்.

கடைசியில் தளத்தில் நடந்தே வந்து, நடுக்கட்டையை ஓங்கி ஓர் உதை விட்டார். அது போய்ச் சாய்ந்த வேகத்தில் திரும்பி வந்து அவர் முழங்காலுக்குக் கீழே இடித்தது. அவர் துள்ளியதில் தலையில் இருந்த தொப்பி கீழே விழுந்தது.

"ஒண்ணு விழுந்துச்சு மாமா" என்று நெய்னா ஓடி வந்து தொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

செயலாளர் பிரம்போடு வந்தார். "உங்களுக்கு என்ன குறை? கட்டை விழலை. என்ன செய்யலாம்? கட்டணத்தைத் திருப்பித் தரலாம். தேங்க்..."

"காசு எவனுக்கு வேணும்?" என்று மரைக்காயர் போட்ட சத்தத்தில் அந்தத் தேங்க்ஸ் பாதியில் அறுந்தது. அப்படி ஒன்று நடக்க முடியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணு விழணும். எம் மாப்புள கண்ணு முன்னால ஒரே ஒண்ணு. விழாம நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்" என்று தளத்தின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்.

செயலாளர் அவர்களைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார். பிரம்பால் ஒன்றைத் தள்ளினார், அது நிமிர்ந்தது. இன்னொன்றைத் தள்ளினார், அதுவும் நிமிர்ந்தது. அவர் முகத்தில் ஒரு யோசனை மெல்ல உதிப்பதை நான் பலகையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்க என்ன வேலை பாக்குற?"

பதிலை அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னிடமே பதில் எதிர்பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"விழுந்த கட்டைய நிறுத்துறேன் சார்."

"எது விழுந்தது?"

பாக்கியத்தின் சிரிப்பும் அத்தையின் பாக்கு வெற்றிலையும் கண்ணெதிரே கச்சான் காற்றில் பறந்தன. கட்டை தானாக நிற்கும் என்றால் அதை நிறுத்த ஆள் எதற்கு? அய்யா கமலையில் நின்று கேட்ட அதே கேள்விதான், பிரம்போடு வந்திருந்தது. அந்த நிமிஷத்தில் மரைக்காயரைவிட எனக்குத்தான் ஒரு கட்டை விழ வேண்டியிருந்தது.

"சார், ஓடாவியைக் கூப்பிட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டு, அவர் தேங்க்ஸ் சொல்வதற்குள் கடற்கரைக்கு ஓடினேன்.

ஓடாவி மூச்சிரைக்க வந்தார். நான் வழியில் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது. உள்ளே வந்ததும் ஒன்பது கட்டைகளும் நிற்பதைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரமாத் தள்ளுறாக?"

"மதியத்துல இருந்து" என்றேன்.

"ஒண்ணுகூடக் கவுரலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

ஓடாவிக்குக் கண் கலங்கிவிட்டது. "காளியாத்தா, எங் கையக் காப்பாத்திட்ட!" என்று கட்டைகளைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாரு தள்ளுனது?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் மரைக்காயர், உட்கார்ந்தபடியே.

"மொதலாளி, இதவிடப் பெரிய பந்தாக் கொண்டாங்க. பாறாங்கல்லையே உருட்டுங்க. கவுராது. அடியில பழைய மடி வலையோட ஈயத்த உருக்கி ஊத்தியிருக்கேன். நான் உத்தரவாதம்!"

விழுவதற்காகத்தான் இந்தக் கட்டைகள் என்று அவருக்கு நான்தான் விளக்கினேன். முதலில் அவர் நம்பவில்லை. நான் கேலி செய்வதாக நினைத்துச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையசைத்தார். ஓடாவி உளிப்பையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விழுகிறதுக்குண்டு ஒரு சாமான் செய்வாகளா? அப்புறம் என்னைய எதுக்குக் கூப்பிட்டிய? விழுகிற மாதிரிச் செய்ய ஊருக்குள்ள எம்புட்டுப் பேரு இருக்கான்!"

"அடி ஈயத்த எடுத்துருங்க" என்றார் செயலாளர்.

"மாட்டேன். எங் கையால கவுருற சாமான் செய்யவே மாட்டேன். இண்ணைக்குக் கட்டையச் செஞ்சா நாளைக்கு எவன் எந் தோணியில ஏறுவான்?"

ஒருபக்கம் ஒன்று விழாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று மரைக்காயர். எதிரே ஒன்றும் விழ விட மாட்டேன் என்று ஓடாவி. செயலாளர் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேள்வி இருந்தது, பதில் இல்லை. நான் மறுபடி என் பலகையில் ஏறி, இன்னும் எத்தனை நாள் இந்தப் பலகையோ என்று உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மட்டும் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

தோணிக்காரரும் தோணி கட்டுகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகுமோ அங்கேதான் போனது. மரைக்காயர் மெதுவாகக் கேட்டார்.

"ஓடாவியாரே, நீரு கட்டுன தோணி எப்பவுமே கவுராதாக்கும்?"

"எப்பவும் கவுராது. ஒண்ணு மட்டும் உண்டு. அடியில ஏத்துற பாரத்தக் கொண்டுபோயி மேல ஏத்துனா எதுவும் தாங்காது. ஆனா அது ஏத்துனவன் குத்தம், ஓடாவி குத்தமில்ல."

"ஏத்துனவன் குத்தம்" என்று மரைக்காயர் திருப்பிச் சொன்னார். "ஓடாவிக்குக் கொறை இல்லையே?"

"துளிக்கூட இல்ல."

மரைக்காயர் எழுந்துவிட்டார். சுவரோரம் குவிந்திருந்த இளநீர்க் கூடுகளில் ஒன்றை எடுத்து, வெட்டிய வாயைக் கீழே கவிழ்த்து, நடுக்கட்டையின் தலையில் மாட்டினார். கட்டை பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. "அந்தக் குத்தத்த நான் ஏத்துக்கிறேன்" என்றார்.

ஓடாவிக்கு அது பிடித்துப்போனது. உளியை எடுத்து ஒவ்வொரு கூட்டின் வாயையும் அளவாகச் செதுக்கித் தலைகளில் பொருத்த ஆரம்பித்தார். எட்டாவது கூட்டைப் பொருத்தும்போதுதான் மரைக்காயர் கவனித்தார். ஓடாவி பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் அசையாதபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், இளக்கமா வையும்! விழ வேண்டாமா?"

"சரக்கு ஆடலாமா மொதலாளி?"

"இண்ணைக்கு ஆடட்டும்யா!"

மனசே இல்லாமல் ஓடாவி எல்லாவற்றையும் தளர்த்தினார். மரைக்காயர் மறுமுனைக்குப் போனார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் காலைத் தூக்கிக்கொண்டு, சிக்கலிலும் திருப்புல்லாணியிலும் இருக்கிற எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். பந்து வந்தது. வந்து, ஒன்றையும் தொடாமல் ஓரமாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

எல்லாரும் திரும்பி மரைக்காயரைப் பார்த்தார்கள்.

"காத்து, மாமா" என்றார் நெய்னா.

"காத்துதான்" என்று ஓடாவியும் சொன்னார். செயலாளர்கூடத் தலையசைத்தார்.

அடுத்த பந்து நடுவில் வந்து மோதியது. கட்டைகள் சாய்ந்தன. பச்சைக் கூடுகள் பறந்து தளமெல்லாம் உருண்டன, ஒன்று என் மடியிலேயே விழுந்தது, உள்ளே ஒட்டியிருந்த இளநீர் என் முகத்தில் தெறித்தது. கட்டைகள் ஆடி அசைந்து வெறுந்தலையோடு எழுந்து நின்றன. எனக்கு வந்த குரலில் கத்தினேன்.

"ஒம்பதும் விழுந்துச்சுங்க!"

மரைக்காயர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். "பாத்தியளா மாப்புள, விழுந்துச்சுல்ல!"

ஓடாவி என்னைக் கட்டிப்பிடித்தார். "பாத்தியா, சரக்குத்தான் போச்சு, தோணி நிக்குது!"

இரண்டு பேருக்கும் வெற்றி. எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை. நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த கூடுகளையும் நின்றுகொண்டிருந்த கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்லப் பழையபடி ஆனது. கேள்வியும் பதிலும் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டன என்று புரிந்தது.

"கட்டை தானா நிக்குமா? நிக்கும். இளநி தானா தலையில ஏறுமா? ஏறாது. அப்ப ஆள் வேணுமா?" என்று நிறுத்தி, பிரம்பால் என்னைக் காட்டினார். "வேணும். நிரந்தரமா வேணும். தேங்க்ஸ்."

நான் வாழ்க்கையில் கேட்ட வார்த்தைகளிலேயே அழகானது அந்தத் தேங்க்ஸ்தான். பலகையிலிருந்து இறங்கி, முகத்தில் வழிந்த இளநீரைத் துடைத்துக்கொண்டு, கூடுகளைப் பொறுக்கப் போனேன்.

அதற்குப் பிறகு இளநீர் ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்கவில்லை. மரைக்காயர் அடுத்த தோணியைக் காளிமுத்து ஓடாவியிடமே கட்டக் கொடுத்தார். எனக்கும் பாக்கியத்துக்கும் நடந்த கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஓடாவி ஒரு முக்காலி செய்துகொண்டு வந்து அத்தையை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்லி, கவிழாது என்று நிரூபித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். இப்போது உனக்கு என்ன வேலை என்று அய்யா கேட்டதற்கு, கட்டைக்குத் தொப்பி போடுகிறேன் என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்திருந்தபோது, மேனேஜர் அந்தக் கட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். மீனெண்ணெய் பளபளப்பெல்லாம் போய்விட்டது. பாக்கியம் அதை என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, காலால் ஒரு தள்ளு தள்ளினாள். சாய்ந்தது, ஆடியது, நிமிர்ந்து நின்றது.

"பாருங்க, இத்தனை வருசம் மண்ணுக்குள்ள கெடந்தும் தானா எந்திரிக்குது. ஒங்களத் தூக்கத்தான் ஆளு தேவைப்படுது" என்றாள். என் கக்கத்தில் கைகொடுத்து, "ம், எந்திரிங்க" என்று இழுத்தாள்.

எனக்குச் செயலாளர் ஞாபகம் வந்துவிட்டது. குரலை அவர் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன். "நீ இங்க என்ன வேலை பாக்குற?"

"விழுந்ததத் தூக்கி நிறுத்துறேன்" என்றாள், மூச்சு வாங்க.

"நிக்குதா?"

"எங்க நிக்குது? விட்டா விழுந்துரும்."

"அப்ப விடாத" என்றேன். "தேங்க்ஸ்."